அப்பா ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கத் துடிக்கிறார், தடுக்கலாமா டாக்டர்?

திருச்சிக்குப் பக்கத்து ஊரிலிருந்து 44 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 66, அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருடங்களுக்கு முன்பு வலது கை நடுக்கத்தில் தொடங்கியது, பார்கின்சன் என்று தெரிந்தது. சின்டோபா மாத்திரை நாளைக்கு மூன்று வேளை. எட்டு மாதத்துக்கு முன்பு பிரமிபெக்சோல் என்ற இன்னொரு மாத்திரை சேர்ந்தது, அதன் அளவு இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கிறது. காலை மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். ஆனால் அடுத்த வேளைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே உடம்பு இறுகிவிடுகிறது.

வீட்டில் இப்போது சண்டை பணத்தைப் பற்றி. ஓய்வுப் பணத்தில் 22 லட்சம் ரூபாய் எஃப்.டி.யில் இருக்கிறது. ஒரு தனியார் மையம், 'ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சிகிச்சை' (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய ஆதாரச் செல்களை உடம்பில் செலுத்துவது) என்று மூன்று தவணைக்கு ஏழரை லட்சம் கேட்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், "பணத்தைப் பார்க்காதே, அப்பாவைப் பார்" என்கிறார். அப்பாவோ, போனில் பேசிய ஓர் அறக்கட்டளைக்கு 'பார்கின்சன் ஆராய்ச்சிக்காக' பத்து லட்சத்துக்குக் காசோலை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அம்மா அதை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். "எனக்கு உதவாட்டியும் பின்னால வர்றவனுக்கு உதவட்டும், வேணும்னா என் மூளையையே எடுத்துக்கட்டும்" என்பது அப்பாவின் பேச்சு.

வாசகியின் கேள்விகள் நான்கு. ஸ்டெம் செல் போகலாமா? ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது புத்திசாலித்தனமா, கொடுத்தால் யாருக்கு? ஆராய்ச்சியில் அப்பாவே சேர்ந்தால் சோதனை எலி ஆகிவிடுவாரா? சின்டோபாவை இப்போதே கூட்டினால் பின்னால் வேலை செய்யாமல் போகுமாமே?

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேட்ட நான்கு கேள்விகளைவிட, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் முதலில் என் கண்ணில் பட்டது. நான்காம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "ராத்திரி இரண்டு மணிவரை செல்போன். ஆறு மாதத்தில் மூன்று மிக்ஸி வந்து இறங்கிவிட்டது. முகம் தெரியாத இரண்டு பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கிறார். வாழ்நாள் பூரா ஐந்து ரூபாய்க்கும் கணக்கு எழுதிய மனிதர், வயதானால் மனசு இளகிவிடும் போல."

வயதானால் மனசு இளகுவது உண்டுதான். ஆனால் ஐந்து ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர் ஆறே மாதத்தில் மூன்று மிக்ஸி வாங்கினால், நான் அவர் மனசைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் மாத்திரைச் சீட்டைப் பார்ப்பேன்.

அந்த எட்டு மாத மாத்திரை

பார்கின்சனில் மூளையின் அடிப்பகுதியில் கருப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியிலுள்ள செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. டோபமின் என்ற வேதிப்பொருளை அவைதான் தயாரிக்கின்றன. உடம்பு அசைவதற்கு அது வேண்டும். ஆனால் டோபமினுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆசை, ஆர்வம், 'இன்னொரு தடவை' என்ற தூண்டுதல் ஆகியவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் டோபமின் போலவே நடித்து வேலை செய்பவை. நடையையும் நடுக்கத்தையும் சரிசெய்யும்போதே சிலருக்கு இந்த இரண்டாவது கதவையும் திறந்துவிடுகின்றன.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்கின்சன் நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. இந்த வகை மாத்திரை எடுப்பவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடில்லாமல் பொருள் வாங்குவது, அளவு மீறிச் சாப்பிடுவது, பாலுறவு வேட்கை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. கண்மூடித்தனமாக அள்ளிக் கொடுப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மற்றவை வந்தால் வீட்டில் உடனே கவனிப்பார்கள். தானம் செய்வது மட்டும் நல்ல குணமாகத் தெரிவதால் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்ல முடியாது. அவருடைய பெருந்தன்மை முழுக்க முழுக்க அவருடையதாகவே இருக்கலாம். ஆனால் மாத்திரை கூடிய மாதமும் மிக்ஸி வந்த மாதமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பெரிய பணம் எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் இதை அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். அப்பாவே சொல்லமாட்டார். இந்த விஷயத்தில் நோயாளிகள் தாங்களாக வாய் திறப்பது அபூர்வம். பாதிப் பேருக்கு அது மாத்திரையால் வந்தது என்றே தெரியாது, தெரிந்தவர்களுக்கு வெட்கம்.

ஒன்று மட்டும் வேண்டாம். நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பதற்றம், வியர்வை, தாங்கமுடியாத மனச்சோர்வு எல்லாம் வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தைச் சின்டோபாவை வைத்து ஈடுகட்டுவார். மாத்திரைதான் காரணம் என்றால், அளவு குறையக் குறையப் பல பேருக்கு வாங்கவும் கொடுக்கவும் தோன்றும் இந்தத் துடிப்பு தானாக அடங்கிவிடும்.

காசோலையும் அரிசி டின்னும்

அம்மா செய்தது புரிகிறது. ஆனால் ஒளித்து வைப்பது நீடிக்காது. இன்னொரு காசோலை எழுத அவருக்கு ஒரு நிமிடம் போதும். "கோர்ட்டில் எழுதி வாங்கி அப்பாவின் கையெழுத்து உரிமையை எடுத்துவிடலாமா" என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது அந்த வழிக்கே போகாதீர்கள். பார்கின்சன் வந்தது என்பதற்காக ஒருவருடைய பணத்தின் மீது அவருக்குள்ள உரிமை போய்விடாது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்கின்சனும் இருக்கிறது, அந்தச் சட்டமே அவருக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதியை அளிக்கிறது. அவர் நினைவாற்றலும் பேச்சும் தெளிவாக இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்திய மனிதரைக் குழந்தையாக்கினால் நோயைவிட அது அவரை அதிகம் முடக்கிவிடும்.

அதற்குப் பதில் உட்கார்ந்து பேசுங்கள். மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள், உடம்பு இறுகிக் கிடக்கும்போது வேண்டாம். "அப்பா, கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் கழித்துக் கொடுப்போம்" என்று கேளுங்கள். காசோலை எப்படியும் தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். எஃப்.டி.யை அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று மாற்றுவது, நெட் பேங்கிங்கில் ஒரு நாளைக்கு அனுப்பும் தொகையைக் குறைத்து வைப்பது இரண்டும் அவர் சம்மதத்தோடு வங்கியில் செய்யக்கூடியவை. காரணத்தை மறைக்காமல் சொன்னால் பெரும்பாலானவர்கள் சம்மதித்துவிடுகிறார்கள். "இது உங்கள் குணம் இல்லை, மாத்திரையின் வேலையாக இருக்கலாம்" என்று கேட்டதும் என் அறையிலேயே நிம்மதியில் அழுதவர்கள் இருக்கிறார்கள்.

ஏழரை லட்சத்துக்கு விற்கும் 'ஆராய்ச்சி'

இனி உங்கள் முதல் கேள்வி. வேண்டாம். பணம் வீணாகும் என்பது ஒரு காரணம்தான், மற்றவையும் இருக்கின்றன.

பார்கின்சனுக்கு ஸ்டெம் செல் ஆராய்ச்சி பொய் இல்லை. 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் ஒரே நேரத்தில் இரண்டு முடிவுகள் வந்தன. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஏழு நோயாளிகள், அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பன்னிரண்டு நோயாளிகள். ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் பல வாரம் வளர்த்து, டோபமின் சுரக்கும் நரம்புச் செல்லாகும் நிலைக்குக் கொண்டுவந்து, மண்டையோட்டில் சிறு துளை போட்டு, மூளையில் அது தேவைப்படும் இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். உடம்பு அதை ஒதுக்கித் தள்ளாமலிருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தார்கள். பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை, சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அந்த இரண்டு ஆய்வுகளின் முதல் கேள்வியே 'இது பாதுகாப்பானதா' என்பதுதான், 'குணமாகிறதா' என்பது அடுத்த கட்டம். மொத்தம் பத்தொன்பது பேர், கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் பணம் கேட்கும் மையம் என்ன செய்கிறது? நீங்கள் அனுப்பிய துண்டுப் பிரசுரத்தின்படி, இடுப்பு எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து, முதுகுத்தண்டு நீரிலும் கை ரத்தக் குழாயிலும் ஊசியாகப் போடுகிறார்கள். அந்தச் செல்கள் டோபமின் செல்கள் அல்ல. போடும் இடமும் மூளையில் தேவைப்படும் இடம் அல்ல. நாற்றுக் கட்டை வாய்க்காலில் அவிழ்த்துவிட்டு, எப்படியாவது அது வயலுக்குப் போய் வரிசையாக நட்டுக்கொள்ளும் என்று வரப்பில் காத்திருப்பது மாதிரி. அதுவும் அது நெல் நாற்றுதானா என்பதே சந்தேகம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் வருட ஸ்டெம் செல் வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சில ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்டவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றைத் தவிர, மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல்லை முறையாக அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம், சிகிச்சை என்று விற்கக்கூடாது. சரி, ஆய்வு என்றே வைத்துக்கொள்வோம். ஆய்வில் சேருபவரிடம் அந்த ஆய்வுக்காகப் பணம் வாங்கக்கூடாது என்பது மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறை. ஆக, அந்த மையம் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். சிகிச்சை என்றால் அதற்கு அனுமதி இல்லை. ஆராய்ச்சி என்றால் ஏழரை லட்சம் எதற்கு?

"அங்கே போனவர் நன்றாக நடக்கிறார், வீடியோவே இருக்கிறது" என்று அண்ணன் சொல்கிறாராம். அந்த வீடியோ உண்மையாகவே இருக்கலாம். பார்கின்சனில் நம்பிக்கையே மருந்தாக வேலை செய்யும். வெறும் ஊசி போட்டாலும், மருந்து போடுகிறார்கள் என்ற எதிர்பார்ப்பிலேயே மூளை டோபமின் சுரக்கிறது என்பதை 2001-லேயே கனடாவில் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். இன்னொரு ஆய்வு இதைவிட வேடிக்கை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பன்னிரண்டு நோயாளிகளுக்கு இரண்டு ஊசி போட்டார்கள். ஒன்று 100 டாலர் மருந்து, இன்னொன்று 1,500 டாலர் மருந்து என்று சொன்னார்கள். இரண்டிலும் இருந்தது வெறும் உப்புநீர். விலை அதிகம் என்று சொன்ன ஊசிதான் கைகாலை அதிகம் இளக்கியது. ஏழரை லட்சம் கொடுத்தவர் இரண்டு வாரம் நன்றாக நடப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மூன்றாவது மாதத்தில் யாரும் வீடியோ எடுப்பதில்லை.

இதில் எனக்குக் கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவுக்கு உண்மையிலேயே பலன் தரக்கூடிய ஒரு பெரிய சிகிச்சை இருக்கிறது. டி.பி.எஸ். எனப்படும் மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சை. மூளைக்குள் மெல்லிய மின்கம்பி வைத்து, உடம்புக்குள் பொருத்திய சிறு கருவியால் தூண்டுவது. 1987-ல் பிரான்ஸின் கிரெனோபிளில் டாக்டர் பெனாபித் குழு தொடங்கி வைத்தது, இன்று நம் ஊர்களிலும் நடக்கிறது. சின்டோபாவுக்கு உடம்பு நன்றாகக் கேட்கிறது, ஆனால் வேளைக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது, நினைவாற்றல் தெளிவு, வயது எழுபதுக்குள் என்றால் பொதுவாக இதற்குப் பரிசீலிப்போம். சட்டைப் பொத்தான் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. இது நோயைக் குணமாக்காது. ஆனால் இறுகிக் கிடக்கும் நேரத்தைக் குறைக்கும், மாத்திரையையும் குறைக்க உதவும். இப்போதே செய்தாக வேண்டும் என்றில்லை, முதலில் மாத்திரை நேரங்களைச் சீராக்கிப் பார்க்கலாம். ஆனால் கருவியின் விலையே பல லட்சம். இன்று ஊசிக்குக் கொடுத்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து இது தேவைப்படும்போது கையில் பணமும் இருக்காது, வயதும் எழுபதை நெருங்கியிருக்கும்.

கொடுப்பதானால் எப்படி

மாத்திரை விஷயம் தெளிவான பிறகும் அப்பா ஆராய்ச்சிக்குக் கொடுக்க விரும்பினால், அதைத் தடுக்காதீர்கள். உங்களை இங்கே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. "அரசாங்கமும் மருந்துக் கம்பெனியும் செய்ய வேண்டிய வேலைக்கு நாம் எதற்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நோயின் ஆராய்ச்சியைத் தள்ளிக்கொண்டு போனவர்களில் நோயாளிகளும் குடும்பத்தாரும் முக்கியமானவர்கள். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல், 29 வயதில் நோய் தெரிந்தது. ஏழு வருடம் மறைத்து வைத்திருந்துவிட்டு 1998-ல் வெளியில் சொன்னார், 2000-ல் அறக்கட்டளை தொடங்கினார். அந்த அறக்கட்டளையின் பணத்தில் 2010-ல் ஆரம்பித்த ஒரு நீண்டகால ஆய்வுதான், பார்கின்சனில் கெட்டுப்போகும் ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதத்தை முதுகுத்தண்டு நீரில் கண்டுபிடிக்கும் சோதனையை 2023-ல் பெரிய அளவில் நிரூபித்தது. நடுக்கம் தொடங்கும் முன்பே நோயைப் பிடிக்க அது வழி திறந்திருக்கிறது. கம்பெனிகள் இப்படிப்பட்ட வேலைக்குப் பத்து பன்னிரண்டு வருடம் காத்திருப்பது கஷ்டம்.

ஆனால் கொடுப்பவருக்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, எது வேலை செய்யாது என்று கண்டுபிடிப்பதற்கே போகும். எக்ஸெனடைட் என்ற சர்க்கரை நோய் மருந்து 2017-ல் லண்டனில் 62 பேரிடம் செய்த சிறு ஆய்வில் நல்ல நம்பிக்கை கொடுத்தது. பிறகு 194 பேரை வைத்து இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிய ஆய்வு நடந்தது. 2025-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. பிரிஸ்டலில் நோயாளிகளின் மூளைக்கே குழாய் வைத்து ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தைச் செலுத்திய ஆய்வுக்கு, நோயாளிகளுக்கான தொண்டு நிறுவனங்கள்தாம் பணம் கொடுத்தன. 2019-ல் அதுவும் எதிர்பார்த்த முதன்மை முடிவை எட்டவில்லை. அந்தப் பணம் வீணா? அந்தப் பெரிய எக்ஸெனடைட் ஆய்வு நடந்திருக்காவிட்டால் இன்று நான்கு ஊர்களில் 'எக்ஸெனடைட் சிகிச்சை' என்று பலகை தொங்கியிருக்கும். உங்கள் அப்பா ஆசிரியர். ஒரு வழிக்கணக்கில் எந்த வழி தப்பு என்று தெரிவதற்கும் மதிப்பெண் உண்டு என்பதை அவருக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

சரி, யாருக்குக் கொடுப்பது? போனில் தேடி வந்து கேட்பவருக்கு வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் போன்ற, நரம்பியல் ஆராய்ச்சியை வருடக்கணக்காக நடத்தும் நிறுவனங்களுக்கு நீங்களே கடிதம் எழுதி, 'பார்கின்சன் ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று குறிப்பிட்டுக் கொடுக்க முடியுமா, வருடத்துக்கு ஒரு முறை கணக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். அறக்கட்டளையாக இருந்தால் நான் பார்ப்பவை இவை:

- நன்கொடைக்கு வரிச் சலுகை தரும், வருமான வரித் துறையின் 80ஜி பதிவு எண்ணைத் துறையின் இணையதளத்தில் சரிபார்த்தாயிற்றா?
- இதுவரை எந்த ஆராய்ச்சியாளருக்கு, எந்த ஆய்வுக்குக் கொடுத்தார்கள், அதன் முடிவு எங்கே வெளியானது என்று காட்ட முடிகிறதா?
- யாருக்குப் பணம் போகும் என்பதை முடிவு செய்யும் குழுவில் துறை தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?
- ரொக்கமாகக் கேட்கிறார்களா, "இன்றைக்கே" என்று அவசரப்படுத்துகிறார்களா? ஆம் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு என்று கேட்டால், பத்து லட்சம் என் மனசுக்கு ஒப்பவில்லை. டி.பி.எஸ்.ஸுக்கு ஒரு தொகை, பிசியோதெரபிக்கும் வீட்டில் கூட இருக்க ஆள் வைப்பதற்கும் ஒரு தொகை, அம்மாவின் பேரில் ஒரு தொகை என்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பாருங்கள். அம்மாவைப் பற்றி ஆறு பக்கத்தில் மூன்று வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்று, அவருக்கு முழங்கால் வலி என்பது. அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பது அந்த முழங்கால்தான். வட்டிப் பணத்திலிருந்து வருடத்துக்கு ஒரு சிறு தொகையாகக் கொடுத்தால் அப்பாவுக்கும் ஒவ்வொரு வருடமும் கொடுத்த திருப்தி இருக்கும்.

'சோதனை எலி' பயம்

பணத்தைவிட ஆராய்ச்சிக்கு அரிதாகக் கிடைப்பது ஆள். இந்தியாவில் முறையான மருந்தாய்வில் சேர நேர்ந்தால், 2019-ம் வருட விதிகள் அப்பாவைப் பாதுகாக்கின்றன. பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த ஸ்டெம் செல் மையத்திடம் "உங்கள் சி.டி.ஆர்.ஐ. எண் என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். உண்மையான மருந்துக்குப் பதில் வெறும் மாத்திரை கிடைக்கலாம், அடிக்கடி பயணம் போக வேண்டியிருக்கலாம். எல்லா ஆய்வும் மருந்தாய்வும் அல்ல. ரத்த மாதிரி கொடுப்பது, நடையைப் பதிவு செய்ய விடுவது, கேள்வித்தாள் நிரப்புவது போன்றவையும் ஆராய்ச்சிதான். பார்கின்சன் மரபணுவைப் பற்றி உலகம் தெரிந்து வைத்திருப்பதில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்தது. நம்மவர் ரத்தம் ஒரு குழாய் கிடைத்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

மூளையையே கொடுக்கிறேன் என்று அப்பா சொன்னதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. ஆனால் உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும் என்பதால், திருச்சியிலிருந்து அது நடக்குமா என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இந்தப் பேச்சை அவராக எடுக்கும்போது பேசுங்கள், நீங்களாக எடுக்க வேண்டாம்.

மாத்திரையைச் சேமித்து வைக்க முடியாது

கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம். சின்டோபாவைத் தள்ளிப்போட்டால் பிற்காலத்துக்கு மிச்சமாகும் என்பது தப்பு. ஆப்பிரிக்காவின் கானாவில் மருந்து எளிதில் கிடைக்காததால் பல வருடம் தாமதமாகத்தான் ஆரம்பிப்பார்கள், இத்தாலியில் சீக்கிரமே ஆரம்பிப்பார்கள். இரண்டு நாட்டு நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-ல் வந்தது. மருந்து சீக்கிரம் தீர்ந்துபோவதும் உடம்பு நெளிவதும் நோய் தொடங்கி ஏறத்தாழ அதே வருடத்தில்தான் இரு ஊரிலும் வந்தன. தாமதமாக ஆரம்பித்தவர்களுக்கு மிச்சமானது கஷ்டப்பட்ட வருடங்கள் மட்டும்தான். மருந்து வலுவிழப்பதில்லை, நோய் முன்னேறுகிறது, அதனால் வேளைகளை நெருக்க வேண்டியிருக்கிறது.

அளவைக் கூட்டும் முன் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பருப்பு, முட்டை, தயிர் ஆகியவற்றின் புரதம் சின்டோபாவோடு போட்டி போடும். அரை மணி நேரமாவது முன்னால் போடச் சொல்லுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், வயிறு மந்தமானால் மாத்திரையும் மந்தம்தான். தலைசுற்றலுக்கு உள்ளூரில் கொடுத்த மாத்திரை ஸ்டெமெட்டில் அல்லது சின்னரிசின் வகையா என்று பாருங்கள், வாந்திக்குப் பெரினார்ம் கொடுத்தாலும் இதே கதைதான். இவை டோபமினைத் தடுத்து பார்கின்சனைக் கூட்டிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் "பார்கின்சன் இருக்கிறது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லப் பழக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பூனைக்காலி விதைப் பொடியில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது, சின்டோபாவில் இருக்கும் அதே மருந்து, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஒரு ஸ்பூனில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, சின்டோபாவோடு சேர்ந்தால் அளவு எங்கேயோ போய்விடும்.

அடுத்த வாரம் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மூன்றை எடுத்துப் போங்கள். எல்லா மாத்திரை அட்டைகளும், தலைசுற்றல் மாத்திரை உட்பட. ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு உடம்பு இறுகியது என்று எழுதிய தாள். அப்பாவின் அனுமதியோடு, இந்த எட்டு மாத வங்கிக் கணக்கு விவரம். அந்த மூன்றாவதைப் பார்த்தால் உங்கள் மருத்துவர் கொஞ்சம் விழிப்பார். பரவாயில்லை, பிரமிபெக்சோல் அட்டையைப் பக்கத்தில் வையுங்கள், புரிந்துகொள்வார். காசோலையை அரிசி டின்னிலிருந்து எடுத்து அப்பா கையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அரிசியில் வண்டு விழுந்தால் அம்மாவுக்கு அது வேறு வேலை.